வானில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள்

2005 டிசம்பர் 28 அன்று கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ஒரு சோயுஸ் ராக்கெட் கிளம்பியது. அது சுமந்து சென்ற ஜியோவ்-ஏ, சுமார் 600 கிலோ எடைகொண்ட சிறிய ஐரோப்பியச் செயற்கைக்கோள். பிரிட்டனின் சர்ரே நிறுவனம் அதை இரண்டரை ஆண்டுக்குள் கட்டி முடித்திருந்தது. அணுக்கடிகாரத்தைச் சோதிப்பது, அந்த உயரத்தில் கதிர்வீச்சு எவ்வளவு என்று அளப்பது என அதற்குப் பல வேலைகள் இருந்தன. அவசரத்துக்குக் காரணம் அவை அல்ல. கலிலியோ என்ற தன் வழிகாட்டுச் செயற்கைக்கோள் திட்டத்துக்காக ஐரோப்பா சில அலைவரிசைகளைப் பதிந்து வைத்திருந்தது. 2006 ஜூனுக்குள் அந்த அலைவரிசைகளில் வானிலிருந்து ஒரு குரலாவது ஒலிக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு காலாவதியாகிவிடும். 2006 ஜனவரி 12 அன்று குரல் வந்தது.

திருவிழாக் காலத்தில் பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருப்போம். துண்டுக்கு மரியாதை உண்டு. ஆனால், வண்டி கிளம்பும்வரை ஆள் வராவிட்டால், நின்றுகொண்டிருப்பவர் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதை யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். விண்வெளியில் அலைவரிசை பிடிக்கும் சட்டமும் ஏறக்குறைய இதேதான். ஜெனிவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்திடம் ஒரு நாடு விண்ணப்பம் கொடுக்கிறது: இன்ன சுற்றுப்பாதையில், இன்ன அலைவரிசையில் எங்கள் செயற்கைக்கோள் பேசப்போகிறது என்று. அதுதான் துண்டு. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் அவகாசம். அதற்குள் செயற்கைக்கோள் மேலே போய்ப் பேசத் தொடங்க வேண்டும்.

சீனா 2000 ஏப்ரல் 17 அன்று துண்டு போட்டது. கெடு 2007 ஏப்ரல் 17. பெய்டோ என்ற அதன் வழிகாட்டுத் திட்டத்துக்கான அந்தச் செயற்கைக்கோள் ஷிச்சாங் ஏவுதளத்தில் ராக்கெட்டின் உச்சிக்கே போய்விட்ட பிறகு, சமிக்ஞை அனுப்பும் கருவியில் கோளாறு தெரியவந்தது. கழற்றிச் சரிசெய்தார்கள். ஏப்ரல் 14 அதிகாலை ஏவினார்கள். 17ஆம் தேதி இரவு 8 மணிக்குத் தரையில் சமிக்ஞை கிடைத்தபோது கெடு முடிய நான்கு மணி நேரம்தான் மிச்சம் என்று சீனப் பொறியாளர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நான்கு மணி நேரத்தில்தான் பெய்டோவின் எதிர்காலம் தொங்கிக்கொண்டிருந்தது.

இடையில் ஒரு கதை உண்டு. 2003இல் சீனா கலிலியோ திட்டத்தில் பங்காளியாகச் சேர்ந்தது. பிறகு உறவு கசந்தது. தனிவழி போன சீனா, கலிலியோவின் அரசுப் பயன்பாட்டுச் சமிக்ஞைக்கு ஐரோப்பா வைத்திருந்த இடத்தின் மேலேயே தன் சமிக்ஞையை வைத்தது. முதலில் பேசியவருக்கே முன்னுரிமை என்பது அதன் வாதம். இரு தரப்பும் பேசித் தீர்க்க 2015 ஆகிவிட்டது. ராக்கெட் கட்டுவதைவிட அந்தப் பேச்சுவார்த்தைக்கு அதிகக் காலம் பிடித்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் ஏவும் நாளில் கைதட்டுகிறோம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஜெனிவாவில் காகிதத்தோடு போராடியவர்களை நமக்குத் தெரிவதில்லை. இந்தியாவும் அந்த வேலைக்கு இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

கூட்டத்தில் ஒரு மெல்லிய குரல்

அலைவரிசைக்கு ஏன் இத்தனை போட்டி? ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில பத்து வாட் சக்தியில் 1575.42 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. தரைக்கு வந்து சேரும்போது அந்தச் சக்தி, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் ஒன்றிரண்டு பங்கு. வாங்கும் கருவிக்குள்ளேயே வெப்பத்தால் எழும் மின் இரைச்சல் அதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அதாவது, இந்தச் சமிக்ஞை எப்போதும் இரைச்சலுக்குள் மூழ்கியேதான் நமக்குக் கிடைக்கிறது. எப்படிப் பிரித்தெடுக்கிறோம்? ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கே உரிய ஒரு குறியீட்டைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கருவிக்கு அந்தக் குறியீடு முன்பே தெரியும். பேருந்து நிலையத்தின் சத்தத்தில் எத்தனையோ நடத்துநர்கள் கூவினாலும் நம் ஊர்ப்பெயரை மட்டும் நம் காது பிடித்துக்கொள்கிறதே, அதுபோல.

இதனால்தான் பல நாடுகள் ஒரே அலைவரிசையில் சேர்ந்து பேச முடிகிறது. 1575.42இல் இன்று ஜிபிஎஸ் பேசுகிறது, கலிலியோ பேசுகிறது, பெய்டோவும் ஜப்பானின் செயற்கைக்கோள்களும் பேசுகின்றன. நம் விமான நிலையங்களுக்கு உதவும் ககன் அமைப்பும் அங்கேதான். ஆளுக்கொரு குறியீடு. ஆனால், பக்கத்தில் ஒருவர் ஒலிபெருக்கியை வைத்துவிட்டால் எந்தக் காதும் உதவாது. வழிகாட்டுச் செயற்கைக்கோள்களுக்கு உலகம் ஒதுக்கியிருக்கும் பட்டைகள் குறைவு: 1164 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ்வரை, 1559 முதல் 1610வரை, 5010 முதல் 5030வரை, இவற்றோடு 2483.5க்கும் 2500க்கும் இடையே ஒரு சிறு துண்டு. அந்தப் பட்டைகளில் மற்றவர்கள் அமைதி காப்பதுதான் இந்தச் சேவையின் உண்மையான மூலதனம்.

அந்த அமைதியை ஒருமுறை இழக்கப் பார்த்தோம். 1997இல் ஜெனிவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டில், 1559 முதல் 1567 மெகாஹெர்ட்ஸ்வரை உள்ள பகுதியைச் செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம் என்று ஐரோப்பிய நாடுகள் சில முன்மொழிந்தன. காலியாகத்தானே இருக்கிறது என்பது அவர்கள் பார்வை. விமானத் துறையும் அமெரிக்காவும் எதிர்த்தன, முடிவு தள்ளிப்போனது. மூன்றாண்டு ஆய்வுக்குப் பின், 2000இல் இஸ்தான்புல் மாநாடு அந்த யோசனையை நிராகரித்தது. அதே இஸ்தான்புல்லில்தான் 1164 முதல் 1215வரை புதிய பட்டையும் வழிகாட்டுச் செயற்கைக்கோள்களுக்குக் கிடைத்தது. இன்று நம் வழிகாட்டு அமைப்பான நாவிக் பேசும் 1176.45 மெகாஹெர்ட்ஸ் அந்தப் பட்டைக்குள்தான் வருகிறது. இஸ்தான்புல்லில் கை வேறு பக்கம் தூக்கப்பட்டிருந்தால், நாவிக்குக்கு அங்கே வீடு இருந்திருக்காது.

அந்த வீட்டிலும் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். விமானம் தரைநிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் டிஎம்இ கருவிகள் பல பத்தாண்டுகளாக அந்தப் பட்டையைப் பயன்படுத்துகின்றன. புதிதாக வருகிறவர்கள் தனித்தனியாக மெல்லப் பேசினாலும், எல்லாரும் சேர்ந்தால் சத்தம் கூடிவிடும். ஆகவே 2003 மாநாடு ஒரு வழி செய்தது: எல்லா நாடுகளின் வழிகாட்டுச் செயற்கைக்கோள்களும் சேர்ந்து தரையில் எந்த இடத்திலும் இவ்வளவு சக்திக்கு மேல் பொழியக் கூடாது என்று மொத்தமாக ஒரு வரம்பு. அந்த வரம்புக்குள் இருக்கிறோமா என்பதை அமைப்புகளை இயக்கும் நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கின்றன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஐரோப்பா, இந்தியா, ஜப்பான் ஒரே கணக்கில் கையெழுத்திடும் இடங்கள் இன்றைய உலகில் எத்தனை இருக்கின்றன? கிராமத்து ஏரிப்பாசனத்தில் மடை திறக்க முறை வைப்பதை நினைவூட்டும் ஏற்பாடு இது. எனக்கு இதன் மேல் பெரிய மதிப்பு உண்டு.

விட்டுக்கொடுத்த கதைகளும் இருக்கின்றன. ரஷ்யாவின் வழிகாட்டு அமைப்பான குளோனாஸில் செயற்கைக்கோள்கள் வேறு வேறு அலைவரிசைகளில் பேசின. மேல்பக்க அலைவரிசைகள் 1612 மெகாஹெர்ட்ஸைத் தொட்டன. விண்மீன்களைச் சுற்றியுள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் வெளியிடும் அலை அங்கேதான் இருக்கிறது. வானொலி வானியலாளர்கள் தங்கள் பெரிய தட்டுகளைத் திருப்பினால் விண்மீனுக்குப் பதில் குளோனாஸ் கேட்டது. 1993இல் இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன. பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இரு செயற்கைக்கோள்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்து, மேல்பக்கத்தைப் படிப்படியாகக் காலி செய்தது ரஷ்யா. அமெரிக்காவும் ஐரோப்பாவும்கூடச் சண்டையிட்டுத்தான் சேர்ந்தன. கலிலியோவின் பாதுகாக்கப்பட்ட சமிக்ஞை ஜிபிஎஸ்ஸின் ராணுவச் சமிக்ஞை மேல் விழும், போர்க்காலத்தில் ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும் என்று வாஷிங்டன் அஞ்சியது. 2004 ஜூன் 26 அன்று அயர்லாந்தின் டிரோமோலண்ட் கோட்டையில் கையெழுத்தான ஒப்பந்தம் அதைத் தீர்த்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையை ஒத்திசைந்த வடிவில் தருவதென்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. இன்று நம் செல்பேசி இரண்டையும் கலந்து கேட்டு இடத்தைச் சொல்வதற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம்.

காகிதத்தில் காவல், வானில் அத்துமீறல்

சட்டம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. மீறுபவரைப் பிடிக்கக் கைதான் இல்லை.

அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் செயற்கைக்கோள் உதவியோடு விமானங்களைத் தரையிறக்கும் புதிய கருவியை நிறுவியபோது, அது அவ்வப்போது காரணமில்லாமல் தடுமாறியது. பக்கத்து நெடுஞ்சாலையில் போகும் லாரிகளும் வேன்களும்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தான் எங்கே இருக்கிறார் என்று முதலாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஓட்டுநர் ஒருவர் சமிக்ஞையை அடைக்கும் சிறிய ஜாமரை வண்டியில் செருகி வைத்திருந்தார். 2013இல் அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கைக்குள் அடங்கும் ஒரு கருவி ஒரு விமான நிலையத்தின் கருவியையே தடுமாற வைக்கிறது என்றால், சமிக்ஞை எவ்வளவு மெல்லியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அது தனிமனிதர் செய்தது. இப்போது அரசுகள் செய்கின்றன. 2024 ஏப்ரலில் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான விமானங்களை ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்தது. அங்கே தரையிறங்க ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்தார்கள். பால்டிக் வானில் அது கிடைக்கவில்லை. இரண்டு விமானங்கள் நகரத்தை நெருங்கிவிட்டு ஹெல்சிங்கிக்கே திரும்பின. நம் நாட்டுக் கணக்கும் சிறியதில்லை. 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரிவரை எல்லையோரத்தில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், 465 குறுக்கீட்டுச் சம்பவங்கள் பதிவானதாக அரசு மக்களவையில் தெரிவித்தது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய விமானங்களுக்கே போலிச் சமிக்ஞை வந்தது. அடைப்பது வேறு, போலி வேறு. அடைத்தால் கருவி தெரியவில்லை என்று சொல்லும். விமானி வேறு வழி பார்ப்பார். போலி என்றால், நம் ஊர்ப்பெயரைக் கூவி நம்மை வேறு ஊர் வண்டியில் ஏற்றிவிடுவது. ஏறிய பிறகும் சரியான வண்டியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம்.

2023 இறுதியில் துபாயில் நடந்த உலக வானொலி மாநாடு, இந்தப் பட்டைகளில் தீங்கான குறுக்கீட்டைத் தடுக்க நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2025 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒன்றியம், சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு மூன்றும் சேர்ந்து கவலை தெரிவித்தன. பால்டிக் நாடுகளின் புகார்கள் ஒன்றியத்தின் வானொலி விதிமுறை வாரியத்தின் முன் வந்தன. வாரியம் கேட்டுக்கொள்ளலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. அதைவிட முக்கியமானது ஒன்றியத்தின் சாசனத்தில் இருக்கும் 48ஆவது பிரிவு. ராணுவ வானொலி அமைப்புகளைப் பொறுத்தவரை உறுப்பு நாடுகளுக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்கிறது அது. கூடிய மட்டும் பிறருக்குத் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வரியே சொல்கிறது. முதல் வரியை எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது வரி அனாதையாகக் கிடக்கிறது.

எல்லையில் எதிரியின் ட்ரோனைத் தடுக்க ராணுவம் சமிக்ஞையை அடைப்பதை நான் குறை சொல்லவில்லை. எந்த நாடும் அந்த ஆயுதத்தைக் கீழே வைக்காது; இந்தியாவும் வைக்காது. ஆனால், பயணிகள் விமானமும் மீன்பிடிப் படகும் போகும் வழியில் அடைக்கும்போது, இந்தப் பகுதியில் இந்த நேரம் சமிக்ஞை இருக்காது என்று விமானிகளுக்கும் மாலுமிகளுக்கும் முன்கூட்டியே சொல்வது கட்டாயமாக வேண்டும். சோதனைக்காக அடைக்கும்போது அமெரிக்கா இப்படி அறிவிக்கிறது. அதை உலக விதியாக்கக் கேட்பதில் எந்த நாட்டின் பாதுகாப்பும் குறைந்துவிடாது. போலிச் சமிக்ஞையை மக்கள் புழங்கும் வானில் பரப்புவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஏற்கக் கூடாது.

நமக்கென்று நான்கு

நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. தொடக்கத்தில் நாவிக் பேசியது இரண்டே அலைவரிசைகளில்: 1176.45, 2492.028. இரண்டாவது, 2012 மாநாடு உலகம் முழுமைக்கும் ஒதுக்கிய சிறு துண்டுக்குள் இருக்கிறது. நம் வீட்டு வைஃபை 2483.5இல் முடிகிறது, அங்கேயே இந்தத் துண்டு தொடங்குகிறது. இரைச்சலான தெருவை ஒட்டிய வீடு. சாதாரணச் செல்பேசிகளோ 1575.42ஐத்தான் பெரும்பாலும் கேட்டன. அதனால் நாவிக் வானில் இருந்தும் மக்கள் கையில் இல்லை. 2023 மே 29 அன்று போன என்விஎஸ்-01தான் முதன்முறையாக அந்த அலைவரிசையிலும் பேசியது. நாமே செய்த ருபீடியம் அணுக்கடிகாரமும் அதில் இருந்தது. பழைய செயற்கைக்கோள்களில் இறக்குமதிக் கடிகாரங்கள் ஒவ்வொன்றாகப் படுத்ததைப் பார்த்த பிறகு கிடைத்த பாடம் அது.

2025 ஜனவரி 29 அன்று போன என்விஎஸ்-02, வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு: இதுவரை ஏவியவை பதினொன்று, இடம் காட்டும் சேவைக்கு உதவுபவை நான்கு. ஓர் இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. நான்கில் ஒன்று படுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

துண்டு போட்டோம், உட்கார்ந்தும்விட்டோம். உட்கார்ந்த இடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டாமா? ஓடிக்கொண்டிருக்கும் அலைவரிசையை நிறுத்திவைத்தாலும் மூன்றாண்டுக்குள் மீட்க வேண்டும் என்பது விதி. அந்த விதி நம் மேல் பாயும் நிலை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வானில் நம் குரல் குறையக் குறைய, மாநாட்டு மேசையில் நம் பேச்சுக்கு எடை குறையும் என்கிறேன். மாற்றுச் செயற்கைக்கோள்களை அடுத்தடுத்து ஏவுவதற்கான காலக்கெடுவை அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்; தள்ளிப்போனால் காரணம் சொல்ல வேண்டும்.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் ஒரு விசைப்படகின் கேபினுக்குள் ஏறிப் பார்த்திருக்கிறேன். ஸ்டீயரிங்குக்கு மேலே உப்புப் படிந்த ஜிபிஎஸ் பெட்டி. அதற்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் பாலித்தீன் பை, அதற்குள் ஒரு பள்ளிக்கூட நோட்டு. மீன் கூடும் பார் எங்கே, வலை கிழியும் இடம் எங்கே, போன பருவத்தில் எங்கே பாடு கிடைத்தது என்று ஒவ்வொரு பாயிண்ட்டும் எண்களாக வரிசையாக எழுதப்பட்டிருந்தது. பெட்டி போனாலும் பாயிண்ட் போகக் கூடாது என்றார் டிரைவர். அவருடைய அப்பா காலத்தில் வேளாங்கண்ணிக் கோபுரத்தையும் நாகூர் தர்கா மினாராக்களையும் வைத்துக் குறி பார்த்துக் கரை சேர்ந்தார்கள். இப்போது படகுகள் கரை கண்ணில் படாத தூரத்துக்குப் போகின்றன. அந்தப் பக்கம் இலங்கையின் எல்லை; கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டை அவருக்குக் காட்டுவது இந்தப் பெட்டி மட்டுமே. கோட்டைத் தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார். நோட்டின் ஒரு பக்கத்து ஓரத்தில் ஒரு தேதி போட்டு ‘பெட்டி ஓடல’ என்று எழுதியிருந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆன்டெனாக் கம்பி தளர்ந்திருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். கேட்பதற்கு ஓர் அலுவலகமும் இல்லை.

ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கரையிலிருந்து எச்சரிக்கை அனுப்ப நாவிக் வழியாகவும் ககன் வழியாகவும் கருவிகள் வந்தன. அவை நல்ல தொடக்கம். சமிக்ஞை தடுமாறினால் மீனவர் புகார் சொல்ல ஓர் எண், அதைத் தொலைத்தொடர்புத் துறையின் கண்காணிப்பு நிலையங்களோடு இணைக்கும் ஓர் ஏற்பாடு, அதுவும் வேண்டும். விமானி புகார் சொன்னால் கேட்கிறார்கள். படகு ஓட்டுபவரும் அதே வானத்தைத்தான் நம்பிப் போகிறார்.

அடுத்த உலக வானொலி மாநாடு 2027இல் ஷாங்காயில் நடக்கப்போகிறது. ஒன்றியத்தின் சாசனம் 44ஆவது பிரிவில், அலைவரிசையும் சுற்றுப்பாதையும் அளவுக்கு உட்பட்ட இயற்கை வளங்கள், எல்லா நாடுகளுக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டியவை என்கிறது. சொந்தமாக ஒரு செயற்கைக்கோளும் இல்லாத நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் இந்தப் பட்டைகளை நம்பித்தான் ஓடுகின்றன. மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கு. 1869இலிருந்து உறுப்பினராக இருக்கும் இந்தியா, சொந்த வழிகாட்டு அமைப்பு வைத்திருக்கும் மிகச் சில நாடுகளில் ஒன்று. செயற்கைக்கோள் இல்லாத நாடுகளின் சார்பிலும் பேசும் தகுதி நமக்கு உண்டு. முன்னறிவிப்புக் கட்டாயத்தையும் போலிச் சமிக்ஞைக்கான தடையையும் நாமே முன்மொழிய வேண்டும்.

மாநாட்டுக்கான இந்திய நிலைப்பாட்டைத் தீர்மானிக்கும் கூட்டங்கள் டெல்லியில் நடக்கும். செல்பேசி நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் அந்தக் கூட்டங்களுக்கு வரும். நாகப்பட்டினத்திலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் விசைப்படகுச் சங்கத்துக்கு இரண்டு பேரையாவது அழைத்து உட்கார வையுங்கள். பெட்டி எந்த நாளில், எந்த இடத்தில் ஓடவில்லை என்று அவர்களைக் கேளுங்கள். நோட்டைக் கொண்டுவருவார்கள்.